இருபது பேரும் நல்லா இருக்குன்னாங்க

பெங்களூரு, செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு, மாறன் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

எங்கள் கம்பெனியின் மல்லாட்டை விற்கும் ஆப் (ஆபீசில் வேர்க்கடலை ஆப் என்பார்கள்) எப்படி இருக்கிறது என்று கீழ்பென்னாத்தூர் விவசாயிகள் இருபது பேரிடம் போனில் பேட்டி எடுத்தேன். எல்லோரும் "நல்லா இருக்கு தம்பி" என்றார்கள். ரெக்கார்டிங்கை நிறுத்தியதும் கண்ணாயிரம் என்பவர், "எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க ஆசையா கேக்கசொல்ல எப்படி நல்லா இல்லனு சொல்றது?" என்றார்.

பதிவில் இல்லாததை அறிக்கையில் சேர்க்கக் கூடாதாம், மேனேஜர் சொல்லிவிட்டார். இருபது பேருக்கும் பிடித்திருக்கிறது என்று நானே எழுதிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

வறுத்த மல்லாட்டை கொஞ்சம் அனுப்புங்கள். போனில் கேட்டால் நீங்களும் "நல்லா இருக்கேன்" என்பீர்கள். அதனால்தான் கடிதம். கால் வலி எப்படி என்று அம்மா எழுதட்டும்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. மேலே 'நான் சுகம்' என்று எழுதியதும் அதே மாதிரிதான் அப்பா.

மாறன்