முப்பத்தோராம் நாள் பேச்சு

அண்ணை,

பழைய பத்திரிகைத் தாளுக்கு நமத்துப்போன பிஸ்கற்றின் மணம். இன்று நூலகத்தில் தொகுப்பைத் திறந்ததும் அது மூக்கில் ஏற, பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். யாருடையதோ ஜக்கெற் கிடந்தது.

நம் வோபர்ன் பகுதியில் தமிழர் குடியேறிய கதையை எழுதப்போகிறோம் என்று, பனி கொட்டிய இரண்டு மாரிகாலம் நீங்களும் நானும் அந்த நூலகத்தில் குந்தியிருந்தோம். கடை வாசல்களில் இலவசமாகக் கிடந்த வாரப் பத்திரிகைகள்தான் நம் ஆதாரம். எந்தக் கடை எப்போது திறந்தது என்று நீங்கள் குறிப்பெடுப்பீர்கள். கல்யாணப் படத்தில் நிற்பவர் இப்போது யாரோடு இருக்கிறார் என்று நான் வம்பளப்பேன்.

ஒருநாள் உங்கள் விரல் ஒரு நகைச்சுவைப் பத்தியில் நின்றது. மனைவி இறந்த முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து அழுத கணவரைப் புனைபெயரில் ஒருவன் நையாண்டி செய்திருந்தான். ஆளின் பெயர் இல்லை. மண்டபத்தின் பெயர் இருந்தது. அந்தக் கணவர் நீங்கள். "அவள் போனபிறகு என்ரை சொக்ஸ் எங்க கிடக்கெண்டும் தெரியேல்லை" என்று பேசினாராம்.

எழுதியவன் நான். அப்போது உங்களை எனக்குத் தெரியாது. கூட்டத்துக்கு நான் வரவுமில்லை. யாரோ மேடையில் அழுதாராம் என்று கடையில் கேள்விப்பட்டேன். சொக்ஸ் வரி என் சொந்தச் சரக்கு, நானே இட்டுக்கட்டியது.

எழும்பி ஓடலாமா என்று பார்த்தேன். நீங்களோ கோபிக்கவில்லை.

"அண்டைக்கு அவளைப் பற்றி என்ன கதைச்சனான் எண்டு எனக்கே ஞாபகமில்லை, தம்பி. இவன் கேட்டு எழுதி வைச்சிருக்கிறான். ஆளைப் பிடிச்சால் மிச்சத்தையும் கேக்கலாம்."

அதோடு கடைகளின் கதையை மூடிவைத்துவிட்டு அவனைத் தேடத் தொடங்கினீர்கள். பத்திரிகையின் பழைய ஆசிரியர் ஒஷாவாவில் இருக்கிறாராம், விசாரித்துப் பார் என்றீர்கள். விசாரித்தேன், அவருக்கும் தெரியாதாம் என்று பொய் சொன்னேன். ஊரார் கதையெல்லாம் காவித் திரிந்த வாய் இதற்கு மட்டும் திறக்கவில்லை. பனி கரையட்டும், சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பனி கரையுமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

இறுதிச் சடங்கில் உங்கள் மகள், நீங்கள் எடுத்து வைத்திருந்த அந்தப் பக்கத்தின் பிரதியைக் கையில் வைத்து, அம்மாவைப் பற்றி அப்பா சொன்னது என்று சொக்ஸ் வரியை வாசித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இத்தனை வருட எழுத்தில் நான் ஆட்களை அழவைத்தது அந்த ஒரு வரியால்தான்.

பிறகு என்னிடம் வந்தாள். தாய் போனபோது அவளுக்கு மூன்று வயது.

"அங்கிள், அப்பா ரியலா அப்பிடிச் சொன்னவரா?"

"ஓம் பிள்ளை," என்றேன். "நான் முன்வரிசையில இருந்தனான்."

உங்களுக்குச் சொல்லாத உண்மையோடு, அவளுக்குச் சொன்ன பொய்யையும் சுமந்துகொண்டு இங்கே இருக்கிறேன், அண்ணை. மிச்சத்தையும் சொல்லச்சொல்லி அவள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.