துடிப்பில்லாத வெளிச்சம்

நேற்று நல்லூரில் ஒரு கடையில் வினாகிரிப் போத்தல் ஒன்று கை தவறி விழுந்து உடைந்தது. கடைக்காரர் தன் தலைவிதியைத் திட்டிக்கொண்டு துடைப்பம் தேடினார். சாமான் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் அசையாமல் நின்றேன். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேப் பகுதியின் இருட்டறையில், படம் கழுவும் மருந்தின் புளித்த நெடிக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். இந்த நெடி பட்டால் மற்றவர்களுக்கு ஊறுகாய் நினைவு வரும். எனக்கு நீ வருகிறாய், மச்சான். சிவப்பு விளக்கின் கீழே மூலைக் கதிரையில் உட்கார்ந்து, தொங்கும் ஈரப் படங்களைப் பார்த்தபடி.

எழுபதுகளின் நடுவில் நீ இங்கிலாந்திலிருந்து அரியாலைக்குத் திரும்பினாய். நட்சத்திர ஆராய்ச்சியில் ஒரு வருட விடுப்பு என்றாய். சொக்கிளேற்றை எதிர்பார்த்து வந்த சொந்தக்காரருக்கு நீ காட்டியதெல்லாம் சுருள் சுருளாய்க் காகிதம். பூமியைச் சுற்றும் செய்மதி ஒன்றில் ஏற்றிய தொலைநோக்கி வரைந்த கோடுகள் அவை. பல்லுப்பல்லாய் ஏறி இறங்கும் கறுப்புக் கோடு, ஒரே கோடு, முடிவில்லாமல். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நழுவினார்கள்.

நட்சத்திரங்களிலிருந்து வரும் எக்ஸ்ரே காற்றைத் தாண்டி நிலத்துக்கு வராது, அதனால்தான் கருவியை மேலே அனுப்ப வேண்டியிருந்தது என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். அன்னம் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு பெரிய நீல நட்சத்திரம். அதனோடு சோடி சேர்ந்து சுழல்கிற இன்னொன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத அது, தெரிகிறதை உறிஞ்சுகிறது. உறிஞ்சப்படுவது உள்ளே விழுவதற்கு முன் கொதித்து எரிகிறது. அந்த எரிவுதான் உன் கோடுகள்.

"இதுக்குள்ளை ஒழுங்கான துடிப்பு ஒண்டு இருக்கோ எண்டுதான் தேடுறன்," என்றாய். "துடிப்பு இருந்தால் அது செத்துச் சுருங்கின நட்சத்திரம். அதுக்கு ஒரு தரை இருக்கும்."

"இல்லையெண்டால்?"

"தரையே இல்லை மச்சான். விழுந்தது விழுந்ததுதான்."

உன் அறைச் சுவர் முழுக்க அந்தக் காகிதங்களை நீளநீளமாய் ஒட்டினாய். உன்னைத் தாயாய் நின்று வளர்த்த அக்கா அந்த அறைக்குள் கால் வைக்க மறுத்தார். கூட்டுவதுகூட வாசலோடு சரி. ஒருநாள் என்னைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உது வெறும் கடுதாசி இல்லை. காத்தில்லாத நேரத்திலையும் அசையுது. மூச்சு விடுகிற மாதிரிக் கிடக்கு. பாக்கக் கூடாத எதையோ இவன் பாக்கிறான்."

"அக்கா, அது நினைக்கேலாத தூரத்திலை கிடக்கு. எங்களை என்ன செய்யும்?"

"தூரத்திலை எண்டால் அதின்ரை கோடு ஏன் எங்கடை சுவரிலை கிடக்கு?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் உன் அறையைக் கடந்து போனபோது தலை தானாகத் திரும்பியது. நடு மத்தியானம். வெளியே கடற்கரைத் தென்னையில் ஓர் ஓலைகூட அசையவில்லை. உள்ளே ஒரு சுருளின் நுனி மெல்ல எழுந்து, மெல்லப் படிந்தது. பிறகு இன்னொரு தடவை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் வந்துவிட்டேன். இதை உனக்குச் சொன்னதில்லை. சொன்னால் நீ செத்தாலும் நக்கலடிப்பாய்.

பகலில் என் இருட்டறைக்கு வந்து உட்காருவது உனக்குப் பழக்கமாயிற்று. "யாழ்ப்பாணத்திலை நான் தேடுற வெளிச்சம் இருக்கிற ஒரே இடம் உன்ரை அறைதான்," என்பாய். மருந்துத் தொட்டியிலிருந்து ஆரோ ஒருவரின் விலா எலும்புகள் மெல்ல மெல்லத் தோன்றுவதை கண் வெட்டாமல் பார்ப்பாய். இடையிடையே இருமுவாய். அந்த இருமல் எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னையும் ஒருக்காப் பிடி," என்றாய் ஒருநாள், விளையாட்டாய். நானும் பிடித்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. தொட்டிக்குள் உன் நெஞ்சு தோன்றத் தொடங்கியபோது குனிந்து பார்த்தவன் நீதான். கறுத்த சுவாசப்பையின் மேல்மூலையில் வெள்ளையாய் ஒன்று, முதலில் மங்கலாய், பிறகு விளிம்போடு.

"இதென்ன மச்சான், முகில் மாதிரி?"

நான் படத்தைத் தொட்டிக்குள் இன்னொரு தடவை அமிழ்த்தினேன். என் முகத்தைப் பார்த்தாய். சிவப்பு வெளிச்சத்தில் ஒருவன் முகம் வெளுப்பது தெரியாது என்று நினைத்திருந்தேன். உனக்குத் தெரிந்தது.

பெரிய டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, வெட்டி எடுக்கிற கட்டம் கடந்துவிட்டது என்றார். நீ அழவில்லை. உனக்கு இருந்த ஒரே பயம் அக்கா. அவருக்குத் தெரிந்தால் கோயில் கோயிலாய் இழுத்துக்கொண்டு திரிவார், கோடுகள் அப்படியே கிடக்கும், நானும் முடிந்துவிடுவேன் என்றாய். "அவவுக்கு ஒரு நல்ல படம் காட்டு. என்ரை எண்டு சொல்லு." முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கக் கிளம்பினோம். உத்தியோகத்துக்கான உடம்புச் சோதனைக்கு வந்த ஒரு பெடியனின் படம், உன் அளவு உடம்பு. அதை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

அக்கா அதை முற்றத்துக்குக் கொண்டு வந்து வானத்துக்கு நேரே பிடித்தார்.

"சுத்தமாய் இருக்கக்கா, பாருங்கோ. வெறும் சளிதான்."

"இதிலை காறை எலும்பு எது தம்பி?"

கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் காட்டினேன். இடப்பக்கத்தைப் பார்த்தார். வலப்பக்கத்தை விரலால் தடவினார். "வடிவாய்க் கிடக்கு," என்றார். பிறகு, உள்ளே இருந்த உனக்குக் கேளாதபடி: "சின்னனிலை ஊஞ்சல்லை வைச்சு நான்தான் அவனை உன்னி ஆட்டினனான். விழுந்து வலப்பக்கக் காறை முறிஞ்சது. ஒட்டின இடம் இண்டைக்கும் முடிச்சாய்க் கையிலை தட்டுப்படும். இது ஆர் பெத்த பிள்ளையின்ரை நெஞ்சு?"

பேயறைந்தவன் போல நின்றேன். அக்கா படத்தை உறைக்குள் போட்டுத் தந்தார். 

"நான் கண்டுபிடிச்சதை அவனுக்குச் சொல்லிப்போடாதை. நான் நம்பினால்தான் அவன் நிம்மதியாய்த் தன்ரை வேலையைப் பாப்பான்."

பிறகு உரத்த குரலில், "ஒண்டுமில்லையாம், வெறும் சளியாம்," என்று சொல்லிக்கொண்டு நேரே உன் அறைக்குள் போனார். அதுவரை மிதிக்காத அறைக்குள். காகிதச் சுருளின் ஒரு நுனியைக் கையில் எடுத்து, "எங்கை பிடிக்க வேணும், சொல்லு," என்றார்.

நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். படம் வேலை செய்துவிட்டது என்று உனக்கு ஒரே சந்தோசம். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் போவதே எனக்குப் பயமாயிற்று. நீ இருமலைச் சிரிப்பாய் மாற்றுவாய். அவர் அழுகைக்கு அடுப்புப் புகைமேல் பழி போடுவார். ஆளையாள் தேற்றி, பகிடி விட்டு, அடுத்த வருடத்துக்குத் திட்டம் போடுவீர்கள். இரண்டு பேரும் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள், ஒருவரும் அதன் பேரைச் சொல்லவில்லை. நடுவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த நான், தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுப்பேன்.

கடைசிச் சுருளை நீ படுக்கையில் கிடந்தபடி பார்த்து முடித்தாய். அக்கா நுனியைப் பிடித்திருந்தார். அவர் எழுந்து குசினிக்குப் போன பின் என்னைக் கிட்டக் கூப்பிட்டாய்.

"துடிப்பு இல்லை மச்சான். எங்கையும் இல்லை." உன் முகத்தில் அப்படியொரு திருப்தி. பிறகு கேட்டாய்: "அக்காவுக்கு ஒண்டும் தெரியாதுதானே?"

சுவருக்கு அப்பால் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"தெரியாது," என்றேன்.

துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது. நீ கண்ணை மூடிக்கொண்டாய். அந்தக் கிழமைக்குள்ளேயே போய்விட்டாய்.

அந்தப் பொய்க்காக மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் இப்போது உன் கோடுகளும் முடிந்தன, அக்காவும் இல்லை. உன்னிடம் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. அவருக்குத் தெரியும் மச்சான். முதல் நாளே தெரியும்.

கீரிமலையில் உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பின் அக்கா என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். உன் உண்மையான படத்தைக் கேட்டார். கொடுத்தேன். அந்த வெள்ளை முகிலை அவர் பார்க்கவே இல்லை. வலப்பக்கக் காறை எலும்பில் இருந்த முடிச்சைத் தேடி, விரலை அதில் வைத்து, வெகுநேரம் நின்றார். "இதுதான் அவன்," என்றார்.

காகிதங்களை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். நீ கண்டதையே வேறு பலரும் கண்டார்கள். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் கருந்துளை என்று சர்வசாதாரணமாய்ச் சொல்கிறார்கள். உன் பேர் எங்கும் இல்லை. எனக்கு அதில் கோபம் உண்டு, அக்காவுக்கு இல்லை.

சில மாதம் கழித்து ஒரு பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனேன். உன் அறை திறந்திருந்தது. சுவர் வெறுமை. மேற்கு யன்னலின் கீழ்க் கண்ணாடியில் உன் எக்ஸ்ரேப் படத்தை ஒட்டியிருந்தார். சாயும் வெயில் அதற்குள்ளால் வந்து சீமெந்து நிலத்தில் விழுந்திருந்தது. சுவாசப்பை இருந்த இடம் இருட்டாய், எலும்பு இருந்த இடமெல்லாம் வெளிச்சமாய், கொஞ்சம் கலங்கலாய், ஒரு நெஞ்சு. பொழுது சாயச் சாய அது நிலத்தில் நகரும் என்று பிறகு அறிந்தேன். அக்கா தேத்தண்ணியோடு வந்து, அதை ஓரமாய்ச் சுற்றி நடந்து, கதிரையை இழுத்துப் போட்டார். நான் கவனியாமல் அந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தேன்.

"தம்பி, பாத்து," என்றார் மிக மெதுவாய். "அவனை மிதிச்சுப்போடாதை."

இன்றைக்கும் பின்னேரத்தில் ஆர் வீட்டுக்குள் போனாலும், நிலத்தில் யன்னல் வெளிச்சம் கிடந்தால் நான் சுற்றித்தான் போகிறேன்.