சாப்பாட்டு மேசையில் நீ யாரைப் பார்க்கிறாய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று திரையில் உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன், இருந்தாலும் கேட்டுவிட்டுத் தொடங்குவதுதான் முறை, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, சுரங்கத்துக்குள் போகும்போது காதை மூடிக்கொள்கிறாயா, முதுகுவலி எப்படி இருக்கிறது. பேசினால் முடிகிற விஷயத்துக்கு அம்மா ஏன் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். நான் குரலில் பதிந்து அனுப்புவதையெல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாய் என்று உன் மகனே போட்டுக்கொடுத்துவிட்டான், சந்தேகப்பட்டால் கேளுங்க பாட்டி என்று ஓட்டியும் காட்டினான், அணில் சண்டை போடுகிற மாதிரி இருந்தது என் குரல். எழுத்தை அப்படி விரட்ட முடியாது, நான் எழுதுகிற வேகத்துக்கு நீ வந்துதான் ஆகவேண்டும். அஞ்சாம் வகுப்போடு நின்ற கைதான், ஆனால் அந்த அஞ்சு வகுப்பிலும் கையெழுத்துக்குப் பேர் வாங்கிய கை, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். ஒவ்வொரு தாளையும் நானே போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன், ஓரத்தில் என் கட்டைவிரல் வந்திருந்தால் அதையும் ஆசீர்வாதக் கணக்கில் சேர்த்துக்கொள். தாள் பின்னாலேயே தபாலில் வரும், கூடவே இன்னொன்றும் வரும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. மாப்பிள்ளை புதிதாக இன்னொரு கருவி வாங்கிவிட்டார், செடித் தொட்டியில் செருகி வைத்தால் தண்ணீர் வேண்டும் வேண்டாம் என்று போனுக்குச் சொல்லுமாம். மண்ணில் விரலை வைத்தால் தெரிந்துவிடுமே மாப்பிள்ளை என்றேன், விரல் ஆபீஸ்ல இருக்கும்போது எப்படி வைக்கிறது அத்தை என்றார். தரை பெருக்குகிற வட்ட மிஷினுக்குப் பிள்ளைகள் ஆமை என்று பேர் வைத்திருக்கிறார்கள், அது மறுபடியும் பெரியவனுடைய காலுறையை விழுங்கிவிட்டு நடுக்கூடத்தில் நின்று என்னைக் காப்பாற்றுங்கள் என்று கத்தியது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம், வயிறு சரியில்லை என்றால் வாயைத் திறந்து சொல்கிறதே, நம் குடும்பத்து ஆண்கள் யார் அப்படிச் சொன்னார்கள். நீ அவரைக் கருவிப் பைத்தியம் என்று திட்டினாலும் பிள்ளைகள் விஷயத்தில் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சின்னவளுக்குச் சடை பின்னுவதை வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டார், ஆரம்பத்தில் தாம்புக்கயிறு மாதிரி இருந்தது, இப்போது பள்ளிக்கூட வாசலில் யார் பின்னி விட்டாங்க என்று மற்ற அம்மாக்கள் கேட்கிறார்களாம், வீட்டுக்கு வந்ததும் அதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் எல்லார் போனும் கூடைக்குள் போகவேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவர்தான். அவர் கைக்கடிகாரம் மட்டும் கையிலேயே இருந்து அடிக்கடி துடிக்கும். அது போன் இல்லையாப்பா என்றாள் சின்னவள், கடிகாரம்டா என்றார், அப்ப மணி என்ன என்று கேட்டாள், குனிந்து பார்த்தால் ஆபீஸ் சேதிதான் ஓடிக்கொண்டிருந்தது, கடிகாரமும் கூடைக்குள் போய்விட்டது. கூடைக்குப் போகாத ஒரே பொருள் மேசைக்கு எதிரே நிற்கிற பெரிய திரைதான், ஏனென்றால் அது நீ. எல்லார் முகமும் உனக்குத் தெரியவேண்டும் என்று எங்களைப் பிறை மாதிரி வரிசையாக உட்காரவைத்திருக்கிறார், இடது கோடியில் சின்னவள், அடுத்துப் பெரியவன், அடுத்து மாப்பிள்ளை, வலது கோடியில் நான், எனக்கும் வலப்பக்கம் கழுவிய பாத்திரம் கவிழ்க்கிற தட்டு. இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள், தேவைப்படும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை நீ என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, அம்மா சின்னவ என்னை மறந்துட்டா, நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேங்கிறா, இந்த மாசக் கடைசியில வேலையை விட்டுட்டு வந்துடறேன், அவர்கிட்ட இப்போதைக்குச் சொல்லாதே என்று அழுதாய். நான் சொல்லவில்லை, அது உன் வாயால் அவருக்குப் போகவேண்டிய சேதி. ஆனால் போனை வைத்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. மலையின் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம் குடைந்துகொண்டே வந்து நடுவில் தப்பாமல் சந்திக்கவேண்டும், அந்த நேர்கோட்டைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என் மகள் என்று மருந்துக்கடைக்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் என் மாத்திரையைக் கொடுக்கும்முன்னே மலை எவ்வளவு தூரம் குடைஞ்சாச்சு என்றுதான் கேட்கிறார். பாதியில் எழுந்து வருகிற பெண் இல்லை நீ. சின்னவள் செய்வது எனக்கும் தெரியாமல் இல்லை. நீ திரையில் வந்தால் தலையைக் குனிந்து சாப்பிடுகிறாள், கேட்டதற்கு ம் என்கிறாள், கையைக் கழுவிக்கொண்டு ஓடிவிடுகிறாள். மாப்பிள்ளை நோய்க்கும் பார் பேய்க்கும் பார் என்று என்னென்னவோ செய்தார், சத்தம் தெளிவாகக் கேட்க ஒரு பெட்டி வைத்தார், உன் தலையில் பூனைக் காது முளைக்கிற மாதிரி செய்தார், அதற்குப் பெரியவன் சிரித்தான், இவள் சிரிக்கவில்லை. இதற்கெல்லாம் முன்னாலேயே நீ கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாய் என்று உன் அறைக்கும் ஒரு பெரிய திரை அனுப்பிவைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் இவள் தலை குனிந்ததே அந்தத் திரை உனக்கு வந்த பிறகுதான். அது ஏன் என்று எனக்கு மண்டை குடைய ஆரம்பித்தது, நீ மலையைக் குடைகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளோடு உட்கார்ந்து காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மாகிட்ட ஏன்டி கண்ணு பேச மாட்டேங்கிறே என்று நேராகக் கேட்டால் ஓடிவிடுவாள், அதனால் அம்மா இப்ப கொஞ்சம் இளைச்சிட்டா இல்ல என்று சும்மா சொல்லிவைத்தேன். எனக்குத் தெரியாது, அம்மா அண்ணனைத்தான் பார்க்கிறா, அவனைக் கேளுங்க என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். என்கிட்ட பேசும்போதும் அவனைப் பார்த்துக்கிட்டேதான் பேசறா பாட்டி, நான் ஓவியம் காட்டினப்பகூட அவனைப் பார்த்துத்தான் நல்லா இருக்குன்னு சொன்னா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நீ அப்படிப் பாரபட்சம் பார்க்கிறவள் இல்லை, பிள்ளையும் பொய் சொல்கிறவள் இல்லை, அப்படியானால் நடுவில் என்னவோ இருக்கிறது. அன்று மதியம் நீ கூப்பிட்டபோது முட்டி வலிக்கிறது, இந்தப் பக்கம் காலை நீட்ட வசதி என்று சொல்லி அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டு அவளை என் நாற்காலிக்கு அனுப்பினேன். பார்த்தால் பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு, என்னிடம் முட்டிவலிக்குத் தைலம் தேய்த்தாயா என்று கேட்கிறாய், கண் பெரியவன் மேல் இருக்கிறது. நீ போன பிறகு பெரியவனைக் கேட்டேன், அம்மா உன்னையே பார்க்கிறாளாமே என்று, அவன் திருதிருவென்று முழித்து, என்னையா, அம்மா எப்பவும் அப்பாவைத்தான் பார்க்கிறாங்க, அதான் நான் பேசறதே இல்லை என்றான். மாப்பிள்ளையைக் கேட்டால், நீங்க அத்தை உங்க பொண்ணோட கண்ணாலேயே பேசிக்கிறீங்க, எனக்கென்ன வேலைன்னு நான் பேசாம சாப்பிடறேன் என்று சிரித்தார், சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது. நான் என் கதையையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. நீ என்னோடு பேசும்போதெல்லாம் எனக்கு வலப்பக்கம் பார்க்கிறாய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பாத்திரத் தட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று மகள் வேவு பார்க்கிறாள் என்று முடிவு கட்டி, நீ கூப்பிடுவதற்கு முன்னால் தினமும் தட்டைத் துடைத்துக் கரண்டியைக்கூட வரிசையாக அடுக்கிவைத்தேன். இத்தனைக்கும் நடுவில் என் நாற்காலியில் இருந்த சின்னவள் சொன்னாள், இன்னிக்கு அம்மா கரண்டியைப் பார்த்தா என்று.

மாப்பிள்ளை அப்படியே கையைச் சாப்பாட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். உன் மேசையில் லேப்டாப் ஒரு பக்கம், அவர் அனுப்பிய பெரிய திரை இன்னொரு பக்கம். எங்கள் படம் தெரிவது பெரிய திரையில், உன்னைப் பிடிக்கிற கேமரா இருப்பது லேப்டாப்பில். நீ எங்களைப் பார்க்கிறாய், கேமரா உன் பக்கவாட்டைப் பார்க்கிறது, அதனால் இங்கே எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நீ அடுத்த நாற்காலியைப் பார்க்கிற மாதிரியே இருக்கும், படத்தில் இருக்கிற கண் அப்படித்தானாம் அத்தை, யார் எங்கே நின்னாலும் ஒரே பக்கம்தான் பார்க்கும் என்றார். கண்ணால் கண்டதும் பொய் என்று சொல்வார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். மலைக்குள் ஒரு விரற்கடை விலகாமல் பார்க்கிறவள் சாப்பாட்டு மேசையில் ஒரு ஆள் தூரம் விலகிவிட்டாயே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது. பெரியவர்கள் ஒப்புக்கொண்டாலும் சின்னவள் ஒப்புக்கொள்ளவில்லை, காட்டுங்க என்றாள். மாப்பிள்ளை தன் அறையில் உன் மேசை மாதிரியே சாமான்களை அமைத்துப் பெரியவனை அங்கே உட்காரவைத்தார், இவளை இங்கே திரைக்கு எதிரே உட்காரவைத்தார். உன்னையேதான் பார்க்கிறேன்டி என்று அவன் அங்கிருந்து சத்தியம் செய்கிறான், இங்கே பார்த்தால் ஆமை நிற்கிற மூலையைப் பார்க்கிறான். கேமராவைப் பார்க்கச் சொன்னார், இப்ப பார்க்கிறான் பாட்டி, நேரா என்னையே பார்க்கிறான் என்று இவள் துள்ளினாள், அதே நேரம் அவன் அந்த அறையிலிருந்து, ஆனா இப்ப எனக்கு அவ முகம் தெரியலையே என்று கத்தினான். அதைக் கேட்டு இவள் துள்ளலை நிறுத்திவிட்டாள். அப்ப அம்மா இத்தனை நாளா என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாளா என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு அப்பாவிடம் போய், அம்மா என்னைப் பார்த்தா எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியணும்னா அம்மா என்னைப் பார்க்கக் கூடாதா என்றாள். எந்தக் கேள்விக்கும் ஒரு கருவி வைத்திருக்கிற மனுஷன், சாய்ந்த கண்ணாடி ஒன்று வைத்தால் முகமும் கேமராவும் ஒரே இடத்தில் வரும், நானே செய்து அனுப்புகிறேன் என்று அளவுகோலைத் தேடப் போய்விட்டார், இன்னும் அட்டை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வழி சொன்னது சின்னவள்தான். நான் பேசறப்ப அம்மா என்னைப் பார்க்கட்டும், அம்மா பேசறப்ப கேமராவைப் பார்க்கட்டும், மாத்தி மாத்தி என்றாள். ஆறு வயசுக்கு இந்தப் பங்கு பிரிப்பு போதாதா, என் பேத்தி என்று மருந்துக்கடையில் இதையும் சொல்லத்தான் போகிறேன்.

நீ இந்த வாரம் சுரங்கத்தின் உள்வேலையில் இருப்பதால் இனி ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாய் என்றார் மாப்பிள்ளை, அதற்குள் இந்தத் தாள்கள் உன் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வேலையை விடாதே என்று நான் சொல்லவில்லை அம்மாடி. களைத்துப்போய் வருகிறாயா, வா, பிள்ளைகளோடு இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு வருகிறாயா, கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் சின்னவள் மறந்துவிட்டாள் என்பதற்காக மட்டும் வராதே, ஏனென்றால் அவள் மறக்கவில்லை. மறந்தவளுக்குப் பொறாமை வருமா. நீ அண்ணனைப் பார்க்கிறாய் என்று நாள் தவறாமல் உன் கண்ணையே கவனித்துக்கொண்டிருந்தவள் அவள், தலை குனிந்தபடியே இவ்வளவும் பார்த்திருக்கிறாள். முடிவை நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசுங்கள், தனியாகச் சுமக்காதே. தபாலில் இந்தத் தாளோடு வருவது ஒரு அட்டை, லேப்டாப் கேமராமேல் ஒட்டிக்கொண்டு நீ பேசும்போது பார்ப்பதற்கு. சின்னவள் தன் முகத்தைத் தானே வரைந்து, மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் கேமராவுக்கு ஓட்டை போட்டிருக்கிறாள். மூக்கே இல்லையே என்று பெரியவன் கிண்டல் செய்தான், அம்மாவுக்கு என் மூக்கு வேண்டாம், கண்ணுதான் வேணும் என்றாள். என்னையும் வரை என்று அவன் கெஞ்சியதில் ஓரத்தில் அவனுடைய ஒரு காதை மட்டும் வரைந்து கொடுத்தாள், அவ்வளவுதான் இடம் இருக்காம். அட்டை வருகிறவரைக்கும் லேப்டாப்பைப் பெரிய திரைக்கு நேர் முன்னால் நகர்த்தி வைத்துக்கொள், அது போதும் என்று மாப்பிள்ளை சொல்லச் சொன்னார்.

சுரங்கத்துக்குள் தலைக்கவசத்தைக் கழற்றாதே, தண்ணீர் நிறையக் குடி, எடுத்த காரியம் எதுவானாலும் கோணாமல் முடியட்டும், உன் கண்ணும் காலும் நல்லபடி இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதே, இடது கோடி நாற்காலியில் ஒருத்தி தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பாத்திரத் தட்டை மட்டும் இனிமேல் நான் அடுக்குவதாக இல்லை.

இப்படிக்கு,
வலது கோடி நாற்காலியிலிருந்து
உன் அம்மா