ஜெயகுமாரியிடம் மட்டும் சொன்னது

ஆவடி,
12.8.1994

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் தாட்சாயிணி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

எனக்குச் சின்னதாக ஒரு கண்நோவு, பயப்படாதீர்கள். இடது கண்ணில் புகை படிந்த மாதிரி இருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விழித்திரையில் அழற்சியாம். "உள்ளே இருக்கிற செல்லுங்க ஆபத்துன்னு தப்பா சேதி அனுப்புது. ரத்தத்துல இருக்கிற காவல் செல்லுங்க ஓடி வந்து நல்ல இடத்தையே கெடுக்குது. மருந்தை நடுவுல நிறுத்தாதீங்க, அடங்கிடும்" என்றார் லேடி டாக்டர்.

இதை ஜெயகுமாரியிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் வீட்டு முன்னறையில்தானே குடியிருக்கிறேன். ஒன்றாகத்தானே ரயிலேறி அம்பத்தூர் கம்பெனிக்குப் போகிறோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, சூப்பர்வைசர் கூப்பிட்டு, "கண்ணு சரியா தெரியலியாமே, இனிமே பேக்கிங்குக்குப் போம்மா" என்றார். லென்ஸ் வைத்து உதிரிபாகங்களைச் சோதிக்கும், சம்பளம் கூடுதலான என் இடத்தில் ஜெயகுமாரி உட்கார்ந்திருந்தாள்.

"நீதான் சொன்னியா?" என்று கேட்டேன்.

"நான் சொல்லாங்காட்டி வேற யாரனா சொல்லுவாங்க. எனக்கும் ஊடு கீதுல்ல?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கு அவளே தட்டில் சோறு போட்டுக் கூப்பிட்டாள். பசியில்லை என்று சொல்லிவிட்டேன். கண் இப்போது பரவாயில்லை அப்பா. அவளை நம்பியதை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை.

வேறு அறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் அம்மாவே சில நாள் வந்து இருக்கட்டும். சொட்டு மருந்தை நானே விட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழிந்துவிடுகிறது. இதுவரை ஜெயகுமாரிதான் விட்டுக்கொண்டிருந்தாள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

தாட்சாயிணி