சிரமத்துக்குக் கட்டம் இல்லை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றே கேட்கிறேன். அங்கே வெளிநாட்டில் உங்கள் அறையில் தங்கியிருக்கும் பெயிண்டர் அண்ணன் லீவு முடிந்து நாளை மறுநாள் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் "எல்லாம் நல்லா போயிட்டிருக்கு"ன்னு ஆரம்பித்து, என்னை ஏதாவது கிண்டல் செய்து சிரிக்க வைத்துவிட்டு, நான் கேட்க வந்ததைக் கேட்பதற்குள் போனை வைத்தும்விடுவீர்கள். எழுத உட்கார்ந்தால் உங்களுக்குப் பொய் வராது. அது கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. மகளுக்கு அந்த விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் இலவசம். இரண்டு வருடம் முடித்தால் நர்ஸ் படிப்புக்கும் அவர்களே அனுப்புவார்களாம். தபால் வந்த அன்று அவள் கால் தரையில் படவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, ஏழைக் குடும்பங்களின் பட்டியலில் நம் பெயர் இருக்க வேண்டும்.

கெட்ட செய்தி என்னவென்றால், நம் பெயர் அதில் இல்லை. முன்பு இருந்தது, இப்போது எடுத்துவிட்டார்கள். எடுக்க வைத்தது நான்தான். திட்டுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன மாதம் வீடு வீடாகக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று தெருவில் பேச்சு அடிபட்டது. யாரோ பெரிய அதிகாரி வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நம் வீடு இருக்கும் லட்சணம் உங்களுக்குத் தெரியும். குளியலறைப் பக்கச் சுவர் இன்னும் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. வருகிறவரை எங்கே உட்கார வைப்பது என்று கையைப் பிசைந்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவி, "என்னத்துக்குக் கவலப்படுற, எங்க வீட்டுலேர்ந்து எடுத்துக்கோ"ன்னு சொல்லி இரண்டு நாற்காலியும் நிற்கும் மின்விசிறியும் கொடுத்தாள். கூடவே டிவியும் வந்தது. அவர்கள் பிரிட்ஜையும் தள்ளிக்கொண்டு வந்திருப்போம், நம் வாசல் அகலம் போதவில்லை. ஊறிய சுவரை மறைக்க அவளுடைய புது விரிப்பைத் தொங்கவிட்டேன்.

வந்தது ஒரு சின்னப் பெண். வெயிலில் வாடிப்போன முகம், கையில் ஒரு டேப்லெட். நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீடு அழகா வெச்சிருக்கீங்க அக்கா"ன்னு சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோய்விட்டது. நாற்காலி உண்டா, மின்விசிறி உண்டா, டிவி உண்டா என்று கேட்கவே இல்லை, கண்ணால் பார்த்துக் கட்டத்தைத் தொட்டுக்கொண்டே போனாள். போன மாதத்தில் சாப்பிடாமல் இருந்த வேளை உண்டா என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு, "எங்க வீட்ல அடுப்பு அணைஞ்சதே இல்லம்மா"ன்னு சொன்னேன். மகள் கதவோரம் நின்று தரையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் பணம் அனுப்புகிறாரா என்று கேட்டபோதும், மாசம் தவறாமல் அனுப்புகிறார் என்று சொல்லிவிட்டேன். உங்களை ஒருத்தி குறைவாக நினைத்துவிடக் கூடாதே.

கடைசிக் கேள்வி, உங்கள் வறுமைக்குக் காரணம் என்ன என்பது. படிப்பு இல்லாதது, வேலை இல்லாதது, நோய், குடி, விதி என்று வரிசையாகப் படித்தாள். எனக்குச் சுருக்கென்றது. "நாங்க ஏழையெல்லாம் இல்லம்மா, கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான்"ன்னு சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எதையோ தொட்டாள். அதோடு முடிந்தது.

பட்டியல் ஒட்டிய அன்று விழுந்தடித்துக்கொண்டு அவள் அலுவலகத்துக்கு ஓடினேன். உண்மையை எல்லாம் கொட்டினேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அக்கா, சிரமம்னு நீங்க சொன்னீங்களே, அதுக்கு என் மெஷின்ல கட்டமே இல்ல. ஏழைன்னு ஒண்ணு, ஏழை இல்லன்னு ஒண்ணு, ரெண்டுதான்"னு சொன்னாள். இந்தக் கணக்கு நம் ஊரோடு நிற்பதில்லையாம். எல்லா நாட்டிலும் இப்படி எடுத்து, உலகத்தில் வறுமை ஏன் போகவில்லை, எதைச் செய்தால் போகும் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்களாம். "ஆளாளுக்கு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டா, வறுமை ஒழிஞ்சுடுச்சுன்னு அவங்க எழுந்து போயிடுவாங்க அக்கா"ன்னு சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிலிருந்து வேலையிலும் இதே யோசனைதான். ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்து மடித்து அடுக்கும்போது அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். நமக்கு வேலை இல்லையா? நான் சலவைக்கூட ஆவியில் காலை முதல் மாலை வரை நிற்கிறேன். நீங்கள் வெயிலில் கம்பி கட்டுகிறீர்கள். நீங்கள் குடிப்பதில்லை. உழைத்த கூலி கைக்கு வராதது என்று அதில் ஒரு கட்டம் இருந்திருந்தால் அன்றைக்கே அதைத் தொடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. தெரியவில்லை. அப்போதும் வெட்கம் விட்டிருக்காது.

ஆமாம், கூலி வராதது என்றுதான் எழுதியிருக்கிறேன். பெயிண்டர் அண்ணன் எதுவும் சொல்லவில்லை, அவர்மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் கொடுத்ததாக நான்கு சோப்பும் ஒரு பவுடர் டப்பாவும் கொண்டுவந்து தந்தார். மறுநாள் அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். அங்கேயும் அதே சோப்பு, அதே பவுடர், பிரித்த சோப்புப் பெட்டியில் நான்கு குறைந்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதமாகப் பணம் வராததற்கு நீங்கள் பேங்கில் கோளாறு, கம்பெனியில் புது மேனேஜர் என்று சொன்னதெல்லாம் அந்த ஜன்னலோரம் எனக்கு விளங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அழுதேன். நான் இங்கே நாற்காலி இரவல் வாங்கினேன், நீங்கள் அங்கே சோப்பு இரவல் வாங்கியிருக்கிறீர்கள். நல்ல ஜோடிதான் நாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் இருபதாம் தேதி காலை பள்ளிக்கூட மைதானத்தில் தெருவே கூடியிருக்க, விட்டுப்போன குடும்பங்களை மறுபடி விசாரிக்கப் போகிறார்கள். வீட்டில் என்னென்ன இல்லை என்பதை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நாற்காலி தன்னுடையது என்று சொல்லத் தையல்காரர் மனைவி வருகிறாள். ஆனால் வெளிநாட்டில் சம்பாதிக்கிற ஆள் இருக்கிற வீடு என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், அங்கேயே முடித்துவிடுவார்கள். அதற்கு உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். எந்த மாதத்திலிருந்து சம்பளம் வரவில்லை, வேலை நடக்கிறதா நின்றுவிட்டதா, இது போதும். எழுதி, அண்ணன் போனில் படம் எடுத்துத் தையல்காரர் எண்ணுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இதை எழுதிக் கேட்பதிலும் பயம்தான். காகிதத்தில் போட்டால் கம்பெனிக்காரர்கள் உங்களை ஏதாவது செய்துவிடுவார்களோ. பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறதா? ஆபத்து என்று உங்களுக்குப் பட்டால் கம்பெனி பெயரை எழுத வேண்டாம். உங்களைச் சிக்கலில் மாட்டிவிட்டு மகளைப் படிக்க வைக்க எனக்கு மனசு வராது.

ஆனால் எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்டைக் கம்பெனி சூப்பர்வைசர் இரண்டு முறை வந்துவிட்டார். மகளை ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு அனுப்பச் சொல்கிறார். அவளாகவே வந்து, "நான் போறேம்மா, அப்பா வந்ததும் படிச்சுக்கறேன்"ன்னு சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தேற்றியிருப்பேன். சாதாரணமாக, சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அவள் வயதில் இதே வார்த்தையை நானும் சொல்லித்தான் சலவைக்கூடத்துக்குப் போனேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வெறுங்கையோடு வந்தாலும் உங்களுக்கு இந்த வீட்டில் ஒரு குறையும் வராது, வரவும் விடமாட்டேன். தெருவே கேட்க எழுந்து நின்று சொல்ல நான் துணிந்துவிட்டேன். நீங்கள் எனக்கு ஒருத்திக்குச் சொன்னால் போதும்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி