சுத்தமா இருந்த போன்

ஆடி 6, செவ்வாய்

காலையிலிருந்து காத்து. அங்கன்வாடி வாசல் பூரா புழுதி, ரெண்டு தடவை கூட்டியாச்சு. உதவியாளர் லீவு. சமையலும் நானே.

சாயந்திரம் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி முத்து பரப்பு. மக சௌமியா பேருக்கும் ஒரு சட்டியில வெதை போட்டாச்சு. இனி முளைப்பாரி எடுக்குறவரை தெனமும் பொண்ணுக எல்லாம் பாக்கியம் அக்கா வீட்டுல கூடிக் கும்மி. போகட்டும். பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு, எந்நேரமும் வீட்டுக்குள்ளயேவா.

அவ குளிக்கப் போனதும் வழக்கம்போல போனைப் பாத்தேன். சுத்தம். ஒரு பையன் பேர் இல்ல. ஆனியில இவ கூட்டாளிக வாட்ஸப் குரூப்புல தரணி ஒரு பையனோட நின்ன போட்டோவைப் பாத்துட்டு, அவ அம்மா செல்வி அக்காகிட்ட சொன்னேன். தரணிக்கு நல்ல அடி. அதுலயே இவளுக்கும் பயம் வந்துருச்சுபோல. நல்லதுதான்.

வாங்கணும்: ரவை, கொசுவத்தி, இவளுக்குப் பச்சை வளையல்.

ஆடி 8, வியாழன்

புழுக்கம். கரண்ட் இல்ல.

அங்கன்வாடிக்குப் புதுசா வந்த பாப்பா ஒண்ணு யாரோடயும் சேராம ஓரமாவே உக்காந்திருக்கு. அதோட அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எனக்குத் தெரியவே இல்லையே டீச்சர்"னா. பெத்தவளுக்கு எப்படித் தெரியாமப் போகும்? எரிச்சலா வந்துச்சு.

சாப்பிடுறப்ப சௌமியா கும்மிக் கதை. தரணி பாட்டுல வரியை மாத்திப் பாடி, எல்லாரும் நின்னு போய்ட்டாளுகளாம். சிரிச்சோம். இவ அப்பாவுக்குப் புரை ஏறிருச்சு.

ஆடி 11, ஞாயிறு

முளைப்பாரி முடியிறவரை கறி இல்ல, சாம்பார்தான். துணி ஊற வச்சு மறந்து போச்சு. போன் சுத்தம்.

ஆடி 12, திங்கள்

ரேஷன் கடையில பாக்கியம் அக்கா. "ஏத்தா, உன் மகளுக்கு உடம்புக்குச் சுகமில்லையா? முத்து பரப்புன அன்னைக்கு வந்துச்சு. பெறகு கும்மிக்கு ஆளையே காணோம்."

"தெனமும் வருதேக்கா."

"எங்குட்டு வருது? நாந்தானே வாசல்லயே நிக்கிறேன்."

சீனி வாங்காமலே வந்துட்டேன். எவன்கூட? அதுதான் முதல்ல தோணுச்சு. இவ அப்பாகிட்ட சொல்லல.

ஆடி 13, செவ்வாய்

சாயந்திரம் அவளுக்குத் தெரியாமப் பின்னாலயே போனேன். பாக்கியம் அக்கா வீட்டைத் தாண்டி, எங்க அங்கன்வாடிக்குப் பின்பக்கம். படியில உக்காந்தா. பையன் வருவான்னு சுவரோரம் நின்னேன். யாரும் வரல. கும்மிப் பாட்டு அங்க வரைக்கும் தெளிவாக் கேக்குது. இவ சத்தம் வராம வாயை மட்டும் அசைச்சுக்கிட்டிருந்தா. ஒருத்தன் வந்திருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு எனக்கு.

"இங்க என்னடி பண்ற?"

திடுக்கிடக்கூட இல்ல. "வேற எங்குட்டுப் போக?"

"அவளுகளோட கும்மிக்கு..."

"நான் போனா பேச்சை நிறுத்திருவாளுக. எங்கிட்ட எது சொன்னாலும் உன் காதுக்கு வந்துருமாம். குரூப்புல இருந்து ஆனியிலயே எடுத்துட்டாளுக. பள்ளிக்கூடத்துலயும் தனியாத்தான் சாப்பிடுறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"நீதான் தெனமும் போனைப் பாக்குறியேம்மா. ஒருத்தியும் எனக்கு மெசேஜ் அனுப்புறதில்லைன்னு தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

ஆடி 14, புதன்

முளைப்பாரி எடுத்தாச்சு. மழை இல்ல.

வளையல் போட்டு விட்டேன். கையை மட்டும் நீட்டுனா. இவ சட்டிதான் எல்லாத்தையும்விட நல்லா வளந்திருந்துச்சு. "கைராசிக்காரி"ன்னாக. வரிசையில இவ கடைசி. முன்னால போன தரணிக்கும் இவளுக்கும் நடுவுல ஒரு ஆட்டோ போற எடம். ஊரே பாத்துச்சு. எத்தனை நாளாப் பாக்குதோ.

முளைப்பாரியைக் கரைக்கிற கம்மாக்கரையில தரணிகிட்ட பேசப் போனேன். "ஒண்ணுமில்ல சித்தி, சும்மாதான் நிக்கிறோம்"னு நகந்துட்டா. கூட நின்னவளுகளும் போய்ட்டாளுக.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அவளே போனைக் கொண்டாந்து என் பக்கத்துல வச்சா. "பாத்துக்க." போய்ப் படுத்துட்டா.

நான் தொடல. இன்னும் இங்கதான் கெடக்கு. ஒரு தடவைகூட அடிக்கல.