கச்சானில் ஒரு தோணி

என் செல்லத் தங்கச்சி வதனாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது? இங்கே ஒஸ்லோவில், ஸ்டோவ்னரில், எங்கள் பல்கனியில், இன்று மேற்கிலிருந்துதான். உன் அண்ணி காயப்போட்ட துணியெல்லாம் கிழக்கே பார்த்துப் படபடக்கிறது. அதைப் பார்த்தவுடன் உனக்கு எழுதவேண்டும்போல் இருந்தது.

உனக்காக ஒரு சண்டை பிடித்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் நீயே பிடித்திருப்பாய், என்னைவிட நன்றாகவும் பிடித்திருப்பாய். இதைப் பத்திரிகையில் போடப்போகிறார்களாம். அதனால் உன்னைத் தெரியாதவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். பொறுமை உனக்குக் கொஞ்சம் குறைவுதான் என்றாலும்.

நாங்கள் இரண்டு பேரும் நோர்வேக்கு வந்து முதலில் நின்ற இடம் பாட்ஸ்பியோர்ட். வடக்கே, கடலும் பனியும் மீன் தொழிற்சாலையும்தான் ஊர். நான் பெட்டி தூக்கினேன், நீ மீன் வெட்டினாய். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து நான் ட்ராம் ஓட்டப் போனேன், நீ பல்கலைக்கழகத்தில் ஓவிய வரலாறு படிக்கப் போனாய். சொந்தக்காரர் எல்லாரும் என்னைத்தான் பிடித்தார்கள். "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாள்?" என்று கேட்டார்கள். "அவள் செய்யிற வேலையை நீங்கள் டிக்கெட் எடுத்துத்தான் பாக்கவேணும்" என்றேன். அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது அப்படியே பலித்தது, ஓவிய நூதனசாலையில் உனக்கு வேலை கிடைத்தது.

நூதனசாலையில் நீ படங்களைச் சுற்றிக் காட்டி விளக்கம் சொல்லும்போது, நோர்வேக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நிற்பார்கள். நான் பின்னால் நின்று படத்தைப் பார்க்காமல் அவர்களைப் பார்ப்பேன். இவள் என் தங்கச்சி என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பாடு. இரண்டு மூன்று தடவை சொல்லியும் விட்டேன்.

அந்தக் கண்காட்சி வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து உனக்கு வேறு கதை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர் ஒருவரின் கடல் படங்கள். மரத்தில் செதுக்கி அச்சடித்தவை, செப்புத் தகட்டில் கீறி அச்சடித்தவை, நீர்வர்ணத்தில் தீட்டியவை. அவருடைய பெயரை நீ வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. "எங்கட கடல்காரர்" என்றுதான் சொல்வாய், என்னவோ அவர் நமக்குப் பெரியப்பா முறை மாதிரி. நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒருநாள் எங்கள் குசினி மேசையில் ஒரு கையால் அவருடைய படப் புத்தகத்தை விரித்துப் பிடித்து, மற்றக் கையால் வறுத்த கச்சானை, நிலக்கடலையை, உடைத்து வாயில் போட்டுக்கொண்டே எனக்கு வகுப்பு எடுத்தாய். கச்சான் என்றால் உனக்கு உயிர். கோதெல்லாம் புத்தகத்தில் விழுந்தது.

"அண்ணை, இந்த நுரை என்ன நிறம்?"

"வெள்ளை."

"வெள்ளை பூசவே இல்லை, அண்ணை. அது வெறும் கடதாசி. சுத்திவரத் தண்ணியைத் தீட்டிப்போட்டு, நுரை வாற இடத்தை அப்பிடியே விட்டிட்டார். எதைத் தொடக்கூடாது எண்டு தெரிஞ்ச மனுசன்."

அன்றைக்குப் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் தொடாமல் விட்ட இடத்தைத்தான் முதலில் தேடுகிறேன். கெடுத்துவிட்டாய் என்னை.

அந்தக் கண்காட்சிக்குத் தமிழிலும் விளக்க அட்டை வேண்டும் என்று நீதான் அடம் பிடித்தாய். இந்த நாட்டில் கடல் வேலைக்கு வந்து இறங்கிய சனம் நாங்கள், எங்களுக்கு இல்லாத கடலா என்று கேட்டாயாம். நோர்வே நம் நாட்டுச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம், தமிழ் என்றால் அவர்களுக்கும் காதில் விழுந்தது. சம்மதித்தார்கள். பிறகு உனக்கு வருத்தம் வந்தது, உடம்பைத் தின்னும் வருத்தம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு அட்டைகளை எழுதினாய். எழுதி முடித்து அனுப்பினாய். கண்காட்சி திறக்கும் வரை இருக்கமாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருந்ததா? நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

இனிச் சண்டைக்கு வருகிறேன்.

திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு நூதனசாலையிலிருந்து இங்ரிட் தொலைபேசியில் எடுத்தாள். உன்னோடு வேலை செய்தவள், உன் செத்தவீட்டில் என்னைவிடக் கூட அழுதவள். உன் தமிழை இரண்டு பேரிடம் கொடுத்துச் சரிபார்த்தார்களாம். ஒரு அட்டையில் பிழை இருக்கிறதென்று இரண்டு பேருமே காட்டியிருக்கிறார்களாம். மாற்றிவிட்டுத்தான் சுவரில் போடவேண்டும், குடும்பத்தவர்கள் அறிந்திருப்பது நல்லது என்றாள்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. என் தங்கச்சி பிழை விட்டாளா? அதுவும் இனி வந்து திருத்தமுடியாத நேரத்தில்?

பிழை என்று அவர்கள் சொன்னது இதுதான். சாய்ந்து ஓடும் பாய்த்தோணி ஒன்று, விளிம்பில் உட்கார்ந்து மறுபக்கம் உடம்பைச் சாய்த்திருக்கும் இரண்டு பேர். சின்ன நீர்வர்ணப் படம். அதற்கு ஆங்கிலத்திலும் நோர்வேஜியத்திலும் உள்ள தலைப்பு, மேற்குக் காற்றில் படகு என்ற பொருளில். நீ எழுதியது: 'கச்சானில் ஒரு தோணி'.

இதை வீட்டில் சொன்னபோது என் மகள் சாப்பாட்டுத் தட்டிலேயே சிரித்துவிட்டாள். "மாமி ஏன் அப்பா கடலுக்கை கச்சான் போட்டவா?" இங்கே பிறந்த பிள்ளை. அவளுக்குக் கச்சான் என்றால் மாமி மடியில் வைத்து உடைத்துத் தின்றது மட்டும்தான்.

சரிபார்த்தவர்களில் ஒருவர், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நம் மாஸ்ரர். நல்ல மனுசன், உனக்கும் அவரில் விருப்பம். அவரோடு நேரே கதைத்தேன்.

"தம்பி, கச்சான் காத்து எண்டு எனக்கும் தெரியும். ஆனா சனம் என்னெண்டு வாசிக்கும்? கோயில் திருவிழாவில கடதாசிச் சரை கட்டி விக்கிற கச்சான் எண்டுதான் வாசிக்கும். பிள்ளையின்ர பேரைச் சொல்லிச் சிரிப்பினம். எனக்கு அது பொறுக்காது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது. உன்னுடைய சொல் சரி என்று எனக்குத் தெரியும்; மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு நம் மீன்பிடிக்கிற சனம் வைத்த பெயர் கச்சான். பாட்ஸ்பியோர்ட்டில் உனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய மயிலிட்டிக் கடலில் வலை வீசி வளர்ந்த செல்வண்ணை, யன்னலால் துறைமுகக் கொடியைப் பார்த்துவிட்டு, "இண்டைக்குக் கச்சான், பிள்ளை" என்பார். நோர்வேக்கார மேற்பார்வைக்காரி கூட அதைப் பிடித்துக்கொண்டு, காலையில் கதவைத் திறந்தவுடன் "கட்சான்?" என்று கேட்பாள். உலகத்தின் வடக்கு மூலையில் நம் காற்றுக்கு நம் பெயர் வைத்திருந்தோம். ஆனால் சுவருக்கு முன்னால் நின்று சனம் உன்னைப் பார்த்துச் சிரித்தால்? சரியான சொல்லை வைத்துக்கொண்டு உன்னைச் சிரிப்புக்கு விடுவதா, அதை மாற்றி உன்னைக் காப்பாற்றுவதா?

நூதனசாலைக்கு வேலை உடுப்போடேயே போனேன். மாஸ்ரர் வந்திருந்தார். மற்றவர், தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த பிரேமா என்ற பெண். அவளைப் பார்த்தவுடன் எனக்குள் முறுக்கு ஏறியது. இந்தியாக்காரி எங்கள் சொல்லைப் பிழை என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று, வாய் திறக்கமுன்னமே நான்கு பதில் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

இங்ரிட் தாளை மேசையில் வைத்தாள். கச்சான் என்ற சொல்லுக்குக் கீழே பிரேமா இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"இதை ஏன் பிழையெண்டு போட்டனீங்கள்?" என்றேன்.

அவள் விழித்தாள். "பிழையா? ஐயோ, நான் சந்தோஷத்துல கோடு போட்டேன் சார்! எங்க ஊர் தூத்துக்குடி. அப்பாவுக்கு விசைப்படகு. எங்க வீட்டுல கச்சான்னா காத்துதான். இங்க வந்து நாலு வருஷத்துல அந்த வார்த்தைய யாருமே சொல்லிக் கேட்டதில்ல. படிச்சதும் அம்மாவுக்குப் போன் போட்டேன்."

"கச்சான் எண்டா எங்களுக்குக் கடலை, பிள்ளை" என்றார் மாஸ்ரர்.

"கடலைக்கா? கடலைக்குப் போயா காத்தோட பேர வச்சிருக்கீங்க?"

மாஸ்ரர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். ஆயத்தமாக வைத்திருந்த நான்கு பதிலும் வீணாய்ப் போயின. என்ன நடக்கிறதென்று தெரியாமல் இங்ரிட் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு கோடு என்றால் பிழை என்று அவளாகவே எடுத்திருக்கிறாள், பாவம்.

சிரித்து முடிந்ததும் மாஸ்ரர், 'கச்சான் காற்றில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதுமே என்றார். பிரேமாவும் தலையாட்டினாள். இங்ரிட் என்னைப் பார்த்து, முடிவு உன்னுடையது என்றாள்.

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். காற்று என்று எழுத உனக்குத் தெரியாதா? ஒரு சொல் கூடப்போடக் கை நொந்ததா? அல்லது சனம் சிரிக்கட்டும், சிரிக்க நின்றால்தான் பார்க்கும் என்று வேண்டுமென்றே விட்டாயா? அப்போது அந்தக் கடதாசி நுரை நினைவு வந்தது. பூசாமல் விட்ட இடம்.

"லா டே ஸ்டோ" என்றேன். அப்படியே இருக்கட்டும். நானும் நோர்வேஜியத்தில் ஒரு பிழையும் விடவில்லை.

கண்காட்சி திறந்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சனம் வந்தது, வதனா. சீலை உடுத்தி, குளிர் அங்கி போட்டு, ரயில் நிறைய வந்தது. நீ காட்டவேண்டிய படங்களை மாஸ்ரரும் பிரேமாவும் மாறி மாறிக் காட்டினார்கள். இரண்டு தமிழும் ஒன்றையொன்று கிண்டல் பண்ணிக்கொண்டே போயின. உன் தோணிக்கு முன்னால் வந்ததும் நான் பயந்தது நடந்தது. யாரோ உரத்து வாசித்தார், எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். "கச்சானில ஒரு தோணியாம்!" "வறுத்ததோ அவிச்சதோ?"

ஆனால் ஒருவரும் அடுத்த படத்துக்குப் போகவில்லை. சிரித்தபடியே கிட்டப் போனார்கள். "பார், அந்த ஆள் எப்பிடிச் சாஞ்சு கொண்டிருக்கிறான்." "பாய் கிழியப் போகுது." "உதுதான் கச்சான், உது சும்மா விடாது." மற்றப் படங்களை மரியாதைக்குப் பார்த்துவிட்டு வந்த சனம், உன் படத்துக்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டில் நிற்பதுபோல் நின்றது.

அப்போது என் மகள், கடலுக்கை கச்சான் போட்டதென்று சிரித்தவள், குனிந்து அட்டையின் அடியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "தமிழில்: வதனா." பக்கத்தில் நின்ற அந்நிய மனிதரின் கையைத் தட்டி, "அது என்ர மாமி" என்றாள். நான் சொல்லவில்லை, தெரியுமா? இந்தமுறை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வதனா, ஒஸ்லோ நகரத்துச் சுவரில் உன் பெயர் தமிழில் இருந்தது. ஒரு எழுத்தும் மாறாமல் இருந்தது. உன் அண்ணன் என்ற பெருமை போதும் எனக்கு.

நீ போய் ஒரு வருசமாகிறது, உன் ஆட்டைத் திவசம் வருகிறது. அன்றைக்கு வீட்டில் மாட்டிய உன் படத்துக்கு முன்னால் படையலோடு ஒரு சரை வறுத்த கச்சானும் வைப்பேன். மேற்கே பார்த்த பல்கனிக் கதவையும் அகலத் திறந்து வைப்பேன், உன் அண்ணி குளிருதென்று கத்தினாலும் மூடமாட்டேன். நான் இருக்கும் வரை ஒவ்வொரு வருசமும் இப்படித்தான், இது சத்தியம். எந்தக் கச்சான் வேண்டுமோ அதை எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வாய்க்குப் பயந்தே வளர்ந்த,
சின்னண்ணை